மறக்கத் தெரியாத சிப்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிக்க வசதியாகத் திருத்தியது.)

இன்னைக்கு நாம பேசப் போறது ஒரு விரல் நகம் அளவே இருக்கிற ஒரு பொருளைப் பத்தி. அது உங்க வீட்டில் எத்தனை இருக்குன்னு கேட்டா உங்களால் உடனே எண்ணிச் சொல்ல முடியாது. வைஃபை ரௌட்டருக்குள்ள ஒண்ணு, ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குள்ள ஒண்ணு, போனில் தட்டினா நிறம் மாறுற பல்புக்குள்ள ஒண்ணு, வீடு கூட்டுற ரோபோவுக்குள்ள ஒண்ணு. டிவியிலும் உண்டு. பேர் ஃபிளாஷ் மெமரி. கரண்ட் போனாலும், பிளக்கைப் பிடுங்கினாலும், தன்கிட்ட எழுதினதை மறக்காத சிப்.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க பழைய ஸ்மார்ட் ஸ்பீக்கரை விக்கிறீங்க. பொறுப்பான ஆள் நீங்க, அதனால ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டுத்தான் கொடுக்கிறீங்க. லைட் சுத்துது. முடிஞ்சதும் கடையிலிருந்து அப்பதான் வந்த மாதிரி அது உங்களை வரவேற்குது. இப்ப உங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கா, இல்லையா?

2021-ல் இதுக்கு ஒரு பதில் கிடைச்சது. ஆனா அந்தப் பதில் ஏன் அப்படி வந்ததுன்னு புரியணும்னா, 50 வருஷத்துக்கும் மேல பின்னாடி போகணும். ஏன்னா இந்தப் பிரச்சினை ஸ்பீக்கர் கம்பெனியில் பிறந்தது இல்ல. அந்தச் சிப் பிறந்த விதத்திலேயே அது இருக்கு.

தனித்தீவில் எலக்ட்ரான்

1967. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த பெல் லேப்ஸ். டாவோன் காங், சைமன் சீ என்ற இரண்டு விஞ்ஞானிகள், கரண்ட் போனாலும் மறக்காத மெமரி ஒன்றைச் செய்ய முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது எதிரே இருந்த அடுக்கடுக்கான சீஸ்கேக்தான் அந்த யோசனையைக் கிளப்பியது என்று சீ பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிரான்சிஸ்டருக்குள் இன்னொரு அடுக்கைச் செருகினால் என்ன?

அந்த அடுக்குக்குப் பெயர் ஃபுளோட்டிங் கேட். மிதக்கும் கேட். எந்த ஒயரோடும் அதற்கு இணைப்பு கிடையாது. சுற்றிலும் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு. கடல் நடுவே ஒரு தீவு மாதிரி வெச்சுக்கோங்க. கொஞ்சம் அதிக வோல்டேஜ் கொடுத்து எலக்ட்ரான்களை அந்தத் தீவுக்குள் தள்ளிவிட்டால், திரும்பி வர அவற்றுக்கு வழி இல்லை. வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். தீவில் எலக்ட்ரான் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. அவ்வளவுதான். உங்க போன்ல இருக்கிற கல்யாண ஃபோட்டோ எல்லாமே இப்படித் தீவில் மாட்டிக்கிட்ட எலக்ட்ரான்கள்தான். சில நவீன சிப்களில் தீவின் அமைப்பு மாறியிருக்கு, தத்துவம் அதேதான்.

இந்த யோசனையை விற்கக்கூடிய ஒரு சிப்பாக மாற்றியவர் இன்டெல்லில் இருந்த டோவ் ஃப்ரோமன். 1971-ல் வந்த அந்தச் சிப்பின் வகைக்கு ஈப்ராம் என்று பெயர். முதல் சிப்பின் கொள்ளளவு 2,048 பிட், அதாவது 256 பைட். இன்னைக்கு ஒரு நடுத்தர வாட்ஸ்அப் மெசேஜ் கூட அதுக்குள்ள அடங்காது.

எழுதியாச்சு. அழிக்கிறது எப்படி? அதுக்கு அந்தச் சிப்பின் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். சிப்பைப் போர்டிலிருந்து கழற்றி, அந்த ஜன்னல் வழியாக அல்ட்ரா வயலட் விளக்கு வெளிச்சத்தைக் காட்டணும். சுமார் 20 நிமிஷம். அந்த வெளிச்சத்தின் ஆற்றலில் எலக்ட்ரான்கள் தீவை விட்டுத் தப்பிக்கும். ஒரு எழுத்து தப்பாகிட்டாலும் இதே 20 நிமிஷம்தான். ஜன்னலைத் திறந்து போட்டால் தானாக அழிந்துவிடும் என்று மேலே ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார்கள்.

அந்தக் காலத்துக் கவலை எல்லாம் அழிக்கிறது எப்படி என்பதில்தான் இருந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதை இங்கிருந்துதான் திரும்புது.

கேமரா ஃபிளாஷ் மாதிரி

அடுத்த இடம் ஜப்பான். தோஷிபா கம்பெனியில் ஃபுஜியோ மசுவோக்கா என்ற பொறியாளர். அப்போது மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடிய மெமரி வந்துவிட்டது. ஒவ்வொரு பைட்டாகத் தனித்தனியே அழிக்கலாம். வசதிதான். ஆனால் அதற்கு ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு டிரான்சிஸ்டர் தேவைப்பட்டது. இடம் அடைக்கும், விலை ஏறும்.

மசுவோக்கா இதைத் தலைகீழாக யோசித்தார். தனித்தனியாக அழிக்கும் வசதியை விட்டுக்கொடுத்தால் என்ன? ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக, ஒரே அடியில் அழிப்போம். அப்போது ஒரு செல்லுக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதும். விலை இறங்கும். இது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை இல்லை. இரவுகளிலும் வார இறுதிகளிலும் உட்கார்ந்து செய்தது. 1980-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அழியும் வேகத்தைப் பார்த்த அவருடைய சகா ஷோஜி அரியிசுமி, இது கேமராவின் ஃபிளாஷ் மாதிரி இருக்கிறதே என்றார். அந்தப் பெயரே நிலைத்தது.

கவனிச்சீங்களா? ஃபிளாஷ் என்ற பெயர் ஞாபக சக்திக்காக வந்தது இல்ல. கண்சிமிட்டும் நேரத்தில் மறந்துடும் என்பதற்காக வந்த பெயர்.

1984-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் மசுவோக்கா இதை உலகத்துக்குச் சொன்னார். 1987-ல் இன்னும் நெருக்கமாக அடுக்கக்கூடிய நாண்ட் என்ற வகையையும் அறிவித்தார். உங்க மெமரி கார்டு, போன், ஸ்மார்ட் ஸ்பீக்கர் எல்லாம் இந்த நாண்ட் பரம்பரை. 1988-ல் இன்டெல் நார் வகை ஃபிளாஷை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரௌட்டர் மாதிரியான சின்னக் கருவிகளில் இன்னும் அது இருக்கு.

மசுவோக்காவுக்கு என்ன கிடைத்தது? 1994-ல் கம்பெனியை விட்டுப் பேராசிரியராகப் போனார். 2004-ல் தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்காக 100 கோடி யென் கேட்டு தோஷிபா மீது வழக்குப் போட்டார். 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசம் ஆனது. கோடிக்கணக்கான கருவிகளுக்குள் இருக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தவரின் கணக்கு அப்படி முடிந்தது.

கழுவாத வாசல்

இப்ப அந்த விட்டுக்கொடுத்தலுக்கு வருவோம். தனித்தனியாக அழிக்க முடியாது, மொத்தமாகத்தான் அழிக்க முடியும். இதுக்கு என்ன விலை?

வாசலில் கோலம் போடுறதை நினைச்சுக்கோங்க. ஃபிளாஷில் ஒரு கோட்டை மட்டும் அழிச்சுத் திருத்த முடியாது. முழு வாசலையும் கழுவணும், மறுபடி போடணும். இது நேரம் பிடிக்கிற வேலை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை கழுவும்போதும் தரை கொஞ்சம் தேயுது. உண்மையாகவே அப்படித்தான். அழிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆக்சைடு அடுக்கு கொஞ்சம் பழுதாகும். நல்ல தரமான சிப் என்றால் ஒரு தொகுதி சுமார் ஒரு லட்சம் முறை தாங்கும். மலிவான வகைகள் சில ஆயிரம் முறைதான்.

அதனால் பொறியாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் கம்பெனியில் இருந்த அமீர் பான் 1995-ல் இதில் ஒரு முக்கியமான காப்புரிமை பெற்றார். யோசனை இதுதான். பழைய கோலத்தைக் கழுவாதே. பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் புதுக் கோலம் போடு. வீட்டில் யாராவது கேட்டால், "கோலம் இப்ப அங்க இருக்கு"ன்னு புது இடத்தைக் காட்டு. பழைய இடத்தை, தேவைப்படும்போது, சாவகாசமாகக் கழுவிக்கலாம்.

இதோட, எல்லா இடமும் சமமாகத் தேயும்படி எழுத்தைச் சுற்றிச் சுற்றி மாற்றி வைக்கும் முறையும் சேர்ந்தது. அதுக்குப் பேர் வேர் லெவலிங். அருமையான பொறியியல். இது இல்லாவிட்டால் உங்க போன் இவ்வளவு வருஷம் உழைக்காது.

ஆனா இதன் பின்விளைவைப் பாருங்க. நீங்க பாஸ்வேர்டை மாத்துறீங்க. கருவி புதுசை வேற இடத்தில் எழுதுது. பழசு? அது இருந்த இடத்திலேயே இருக்கு. அதைச் சுட்டுற அட்டவணை மட்டும் மாறியிருக்கு. நீங்க அழிச்சதா நினைக்கிறது முகவரியைத்தான். வீடு அப்படியே நிக்குது.

ஹார்டு டிஸ்க் காலத்திலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. 2003-ல் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர், பழையதாக வாங்கிய 158 டிஸ்க்குகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. கிரெடிட் கார்டு எண்களே 5,000-க்கும் மேல் கிடைத்தன. ஆனால் டிஸ்க்குக்கு மருந்து இருந்தது. அதே இடத்தின் மேல் வேறு எதையாவது எழுதினால் பழசு போய்விடும். ஃபிளாஷில் "அதே இடத்தின் மேல்" என்பதே கிடையாதே! 2011-ல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபிளாஷ் டிரைவ்களிலிருந்து சிப்களை நேரடியாகப் படித்துப் பார்த்தார்கள். ஹார்டு டிஸ்க்குக்காக உருவான, ஒரு தனிக் கோப்பை மட்டும் அழிக்கும் முறைகளில் ஒன்றுகூட முழுசாக வேலை செய்யவில்லை.

சிப்பிடம் நேரடியாகக் கேட்பது

நேரடியாகப் படித்தார்கள் என்று சொன்னேன் இல்லையா, அது எப்படி?

மலிவான கருவி ஒன்றைத் திறந்தால் பச்சைப் போர்டில் எட்டுக் கால் பூச்சி மாதிரி ஒரு கறுப்புச் சிப் இருக்கும். பக்கத்துக்கு நாலு கால். பெரும்பாலும் அதுதான் ஃபிளாஷ். துணி கிளிப் மாதிரி ஒரு கிளிப்பை அதன்மேல் மாட்டி, ஒரு சின்ன ரீடர் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைப்பார்கள். முதல் கட்டளை, நீ யார்? சிப் தன் கம்பெனி, வகை எண் எல்லாம் சொல்லும். அடுத்த கட்டளை, முதல் முகவரியிலிருந்து படி. கொட்ட ஆரம்பித்துவிடும். 16 எம்பி சிப் என்றால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட பைட்டுகள். சில நிமிஷ வேலை. இப்படிக் கிடைக்கிற கோப்பை டம்ப் என்பார்கள்.

இந்தச் சிப்புக்குக் கேட்பது யார் என்று தெரியாது. கேட்டால் சொல்லும். அது அதன் வேலை. பாஸ்வேர்டு, லாகின் எல்லாம் மேலே ஓடும் மென்பொருளின் சமாச்சாரம். நீங்க மென்பொருளைத் தாண்டி நேராக அலமாரிக்கே போயிட்டீங்க.

இன்னொரு வாசலும் உண்டு. 1980-களில் போர்டுகளில் சிப்கள் நெருக்கமாகிக்கொண்டே போனதால், தொழிற்சாலையில் சோதனை ஊசிகளால் கால்களைத் தொட முடியாமல் போனது. 1985-ல் பல கம்பெனிகள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். சோதனைக்கான வழியைச் சிப்புக்குள்ளேயே வைத்துவிடுவோம் என்றார்கள். குழுவின் பெயரே அதற்கும் பெயரானது. ஜேடாக். 1990-ல் அது சர்வதேச தரநிலை ஆனது. தொழிற்சாலைக்காகப் போட்ட வாசல்தான். ஆனால் பொருள் கடைக்குப் போகும்போது பல கம்பெனிகள் அதைப் பூட்டுவதில்லை.

பூட்டு யாருக்காக?

இந்த வாசல்கள் வழியாக முதலில் பிரபலமானது ஒரு விளையாட்டுப் பெட்டி. 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் வந்தது. எம்ஐடி-யில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், நண்பர்கள் கூப்பிடுவது பன்னி, அதன் ஃபிளாஷைக் கழற்றிப் படித்தார். பெட்டி ஆரம்பிக்கும்போது ஓடும் நிரல் அதில் இருந்தது போலத் தெரிந்தது. ஆனால் அது நிஜமான நிரல் இல்லை. நிஜம் வேறொரு சிப்புக்குள் ஒளிந்திருந்தது. 512 பைட்டுகள்தான். சிப்களுக்கு நடுவே ஓடும் அதிவேகத் தடத்தில் சொந்தமாகச் செய்த ஒரு போர்டை இணைத்து, ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்டு, 2002-ல் அவர் அதை எடுத்தார்.

இதைப் புத்தகமாக எழுதினார். அமெரிக்காவில் 1998-ல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்துக்குப் பயந்து பதிப்பகம் பின்வாங்கியது. 2003-ல் அவரே வெளியிட்டார். தான் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் இருப்பதைப் படிக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

அதே சமயம் இன்னொன்று நடந்தது. 2002 கடைசியில் லிங்க்சிஸ் ஒரு வைஃபை ரௌட்டரை விற்கத் தொடங்கியது. நீலமும் கறுப்புமாக, இரண்டு ஆன்டெனா. டபிள்யூஆர்டி54ஜி. அதன் ஃபிளாஷில் எழுதப்படும் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே லினக்ஸ் இருப்பதை 2003-ல் வெளியே சொன்னார்கள். லினக்ஸை வைத்துப் பொருள் விற்றால் அந்த மூல நிரலை மற்றவர்களுக்கும் தரவேண்டும் என்பது அதன் உரிம விதி. பிரச்சினை பெரிதாகி, கம்பெனி மூல நிரலை வெளியிட்டது. அதை அடித்தளமாக வைத்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. கம்பெனி கைவிட்ட ரௌட்டர்களுக்கு இன்னும் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும் இலவச மென்பொருள் அது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததால் விளைந்த நன்மை.

இந்த ரெண்டு கதையிலும் ஒண்ணைக் கவனிங்க. உள்ளே இருந்த ரகசியம் கம்பெனியோடது. எக்ஸ்பாக்ஸில் அதைக் காக்க எவ்வளவு மெனக்கெட்டார்கள்! இப்ப வீட்டுக்குள்ள வருவோம். இங்க உள்ளே இருக்கிற ரகசியம் நம்மளோடது.

பல்பு, துடைப்பம், ஸ்பீக்கர்

2014-ல் பிரிட்டனைச் சேர்ந்த கான்டெக்ஸ்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் லைஃபெக்ஸ் என்ற ஸ்மார்ட் பல்பைத் திறந்தது. ஜேடாக் வாசல் வழியாக ஃபிளாஷைப் படித்தார்கள். பல்புகள் தங்களுக்குள் வைஃபை விவரத்தைப் பகிரும்போது பயன்படுத்தும் சாவி அதில் இருந்தது. எல்லாப் பல்புக்கும் அதே சாவி. கம்பெனி அதைச் சரிசெய்தது.

2019-ல் அதே கம்பெனியின் வேறொரு பல்பை லிமிடெட் ரிசல்ட்ஸ் என்ற புனைபெயர் கொண்ட ஆய்வாளர் அறுத்துத் திறந்தார். ஃபிளாஷில் வைஃபை பாஸ்வேர்டு, மறைக்காமல், படிக்கிற எழுத்தாகவே இருந்தது. அந்தச் சிப்பில் என்க்ரிப்ஷன் வசதி இருந்தும் போடப்படவில்லை. இந்தப் பிரச்சினைக்கும் கம்பெனி திருத்தம் செய்தது. ஆனால் யோசிங்க. ஃபியூஸ் போன பல்பை நாம என்ன செய்யுறோம்? குப்பையில் போடுறோம். அதுக்குள்ள வீட்டுச் சாவி இருக்குன்னு யாருக்குத் தோணும்?

2017 டிசம்பரில், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் டெனிஸ் கீசே, டேனியல் வேகமர் என்ற இருவர் ஷாவ்மியின் வீடு கூட்டும் ரோபோவைப் பற்றிப் பேசினார்கள். அதன் சிப்புக்கு எட்டிய கால்கள் எதுவும் வெளியே தெரியாது. அதனால் சமையலறை அலுமினியத் தாளைச் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் நுழைத்தார்கள்! சில இணைப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, ரோபோ குழம்பிப்போய்த் தன் சோதனை வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே வைஃபை விவரம், நடமாட்டப் பதிவுகள், வீட்டின் வரைபடம். எந்த அறை எங்கே, எவ்வளவு பெரிசு, எல்லாம். ஃபேக்டரி ரீசெட் பண்ணிய பிறகும் அவை போகவில்லை.

அதே கீசே, அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கெவாரா நுபிரோடு சேர்ந்து அடுத்து செய்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பதில். 16 மாதங்களில், ஈபேயிலும் பழைய பொருள் சந்தைகளிலும் 86 அமேசான் எக்கோ டாட் ஸ்பீக்கர்களை வாங்கினார்கள். 61 சதவீதம் ரீசெட் கூடச் செய்யப்படாமல் வந்தவை. அடியில் உள்ள ரப்பரைப் பிரித்து, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, சிப்புக்குப் போகும் புள்ளிகளில் ஊசியை வைத்தால், சாதாரண மெமரி கார்டு ரீடராலேயே படிக்க முடிந்தது.

ரீசெட் செய்யாத ஒன்றை எழுப்பி "நான் யார்?" என்று கேட்டபோது, முந்தைய சொந்தக்காரரின் பெயரைச் சொன்னது. சரி, ரீசெட் செய்தவை? அவற்றிலும் பழைய வைஃபை பாஸ்வேர்டுகள், அமேசான் கணக்குக்கான டோக்கன்கள் ஃபிளாஷில் மிச்சம் இருந்தன. காரணமாக அவர்கள் சொன்னது இரண்டு. வேர் லெவலிங். என்க்ரிப்ஷன் இல்லாதது.

கழுவாத வாசல். 1980-ல் ஒருவர் விலையைக் குறைக்க விட்டுக்கொடுத்த சின்ன வசதி, 40 வருஷம் கழித்து, சந்தையில் வாங்கின ஸ்பீக்கர் வழியாக யாரோ ஒருத்தர் வீட்டு வைஃபைக்குள் நுழையும் வழியாகத் திரும்பி வந்திருக்கு.

சரி, என்ன செய்யலாம்?

ஒரு தரப்பு சொல்லும், எல்லாத்தையும் பூட்டிடுங்க. யாரும் படிக்க முடியாதபடி சிப்பை அடைச்சுடுங்க. எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கு. முழுசாகப் பூட்டினால் சொந்தக்காரராலும் பார்க்க முடியாது. ரிப்பேர் போகும். ஓப்பன்டபிள்யூஆர்டி மாதிரி ஒண்ணு பிறக்காது. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் ஒன்றுகூட நடந்திருக்காது, நமக்கும் எதுவும் தெரிய வந்திருக்காது. பூட்டும் நிரந்தரம் இல்ல. அந்தப் பல்பு ஆய்வாளரே 2019 கடைசியில், ஈஎஸ்பி32 என்ற பிரபலமான சிப்பின் என்க்ரிப்ஷன் சாவியையும் வெளியே எடுத்துக் காட்டினார். வோல்டேஜை நொடியில் ஒரு துளி நேரம் ஆட்டி!

என் பார்வையில் இது ரெண்டு தனித்தனிப் பூட்டு. கம்பெனியின் நிரலுக்குப் போடுற பூட்டு ஒண்ணு. என் பாஸ்வேர்டுக்கும் என் வீட்டு வரைபடத்துக்கும் போடுற பூட்டு இன்னொண்ணு. முதல் பூட்டில் 2001-லேயே அவ்வளவு புத்திசாலித்தனம் காட்டிய ஒரு தொழில்துறை, 2021 வரை ரெண்டாவதைப் பல பொருள்களில் போடவே இல்ல. முதலாவதைப் பத்தி விவாதம் நடக்கட்டும். ரெண்டாவதுக்கு விவாதமே தேவையில்ல.

அதுக்கு வழியும் புதுசு இல்ல. 2009-ல் வந்த ஐபோன் 3ஜிஎஸ்ஸிலேயே இருக்கு. டேட்டாவை எப்போதும் என்க்ரிப்ட் செய்தே ஃபிளாஷில் எழுதுவது. சாவியை மட்டும் ஒரு தனி இடத்தில் வைப்பது. ரீசெட் அழுத்தினால் அந்தச் சாவியை மட்டும் நிஜமாக அழிப்பது. வாசல் முழுக்கப் பழைய கோலங்கள் கிடக்கட்டும், யாருக்கும் அது கோலமாகத் தெரியாது, வெறும் புள்ளிதான். பயனர் டேட்டாவை என்க்ரிப்ட் செய்யணும் என்பதுதான் எக்கோ டாட் ஆய்வாளர்களின் பரிந்துரையிலும் இருந்தது. யோசிச்சுப் பார்த்தா, மசுவோக்கா வாக்குக் கொடுத்த அந்தக் கண்சிமிட்டும் நேரத்து அழிப்பு, இந்த வழியில்தான் உண்மையாகுது.

எல்லாப் பொருளும் அப்படி ஆகும் வரைக்கும் நம்ம கையில் இருக்கிறது கொஞ்சம்தான், ஆனா அது போதுமான அளவு வேலை செய்யும். ஸ்மார்ட் பொருள் எதையாவது விக்கும்போதோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதோ, குப்பையில் போடும்போதோ, முதலில் ஆப்பில் உங்க கணக்கிலிருந்து அதை நீக்குங்க. ரீசெட்டும் பண்ணுங்க, அது வீண் இல்ல. அப்புறம், இதுதான் முக்கியம், வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாத்துங்க. அப்ப அந்தச் சிப்பில் மிச்சம் இருக்கிறது பழைய பூட்டின் சாவியாகிடும். ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தா, பல்பு, ஸ்பீக்கர், ரோபோ எல்லாத்தையும் இன்னைக்கே அதில் போட்டு வைங்க. உங்க லேப்டாப்பும் போனும் இருக்கிற இடத்தில் பல்புக்கு என்ன வேலை?

வாடகை வீடு மாறும்போது பழைய பூட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டு, புது வீட்டில் புதுப் பூட்டு வாங்கி மாட்டுறோம் இல்லையா, அதே பழக்கம்தான் இதுவும்.